ஆறு தடவை கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் பிரிட்டிஷ் மந்திரிகள் திணறுவார்கள், நாங்கள் இட்லி சாப்பிடுவோம்.

நான் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில். ஒரே அச்சில் வார்த்த மாதிரி செங்கல் வீடுகள் நிற்கிற தெரு. லண்டனில் இதுவரை கால் வைத்ததில்லை. அந்த ஊரில் எனக்கு வரியும் கிடையாது, ஓட்டும் கிடையாது. ஆனாலும் அங்கே வாரம் ஒரு முறை வருகிற ஓர் அரசியல் பேட்டியைப் பல வருடமாக விடாமல் பார்த்துவருகிறேன். அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் எங்களுக்கு விடிந்திருக்காது. அதனால் எழுந்து குளித்து, இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றியபின், என் கணவர் அதைத் தேடி எடுத்து டிவியில் போட்டுக்கொடுப்பார்.

நான் படித்தது பத்தாவது வரை, கரூர்ப் பக்கம், தமிழ் மீடியம். இங்கே வந்த புதிதில் இங்கிலீஷ் பழகுவதற்காக நியூஸ் சேனல்களைப் போட்டேன். அவற்றில் எட்டுப் பேர் எட்டுக் கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரே நேரத்தில் பேசுவார்கள். சந்தைக்கடைகூட அதைவிட ஒழுங்காக இருக்கும். தற்செயலாகத்தான் இந்த லண்டன் பேட்டி கண்ணில் பட்டது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தம்ளர் தண்ணீர். ஒருவர் கேட்கிறார், ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். இதற்குக் கீழே எழுத்து ஓடும்படி வைத்துப் பார்த்தேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அப்படிப் பார்த்துத்தான் இங்கிலீஷ் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது.

கேட்பவர் கத்தவே மாட்டார். மந்திரி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வருவார், போன ஆட்சியைத் திட்டுவார், சொந்த அப்பாவின் கஷ்டத்தைச் சொல்வார். கேட்பவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அதே கேள்வியை அதே வார்த்தைகளில் மறுபடி எடுத்து வைப்பார். குரல் ஏறாது. நாலாவது தடவையில் மந்திரி தண்ணீர் குடிப்பார். அந்தத் தண்ணீருக்காகவே நான் காத்திருப்பேன்.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. மனிதர்கள் சொல்கிற சொல் என்றால் எனக்கு உயிர். யார் எதை எப்படிச் சொன்னாலும் எழுதி வைப்பேன். இடது பக்கம் லண்டன் பேச்சு, வலது பக்கம் நம் ஆட்களின் பேச்சு. அங்கே ஒரு மந்திரி "இதை நான் மிகத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்" என்று தொடங்கினால் அடுத்து மூட்டம் வரப்போகிறது என்று பொருள். நம்மவர்கள் அதையே "ஓப்பனா சொல்லணும்னா" என்பார்கள். அவர்கள் "பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள், நாம் "பண்ணிடலாம்" என்போம். இந்தப் "பண்ணிடலாம்" மாதிரி வசதியான சொல் உலகத்தில் வேறு இல்லை. கேட்டவர் மனம் குளிர்ந்து போவார், சொன்னவருக்கோ எந்த வேலையும் இல்லை.

இந்தச் சொல்லை நம்பி நாங்கள் பதினொரு பேர் இரண்டு வருடம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். இனி சொல்லப்போவது அந்தக் கதை.

எங்கள் பக்கம் அறுபது குடும்பம் போலச் சேர்ந்து ஒரு சிறிய தமிழ்ச் சங்கம் நடத்துகிறோம். அதில் வயதானவர்கள் புதன்கிழமை தோறும் நூலகத்தின் ஓர் அறையில் கூடுவது வழக்கம். பெரிதாக ஒன்றும் நடக்காது. சுண்டல், பேச்சு, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது. ஆனால் கார் ஓட்டத் தெரியாத ஒருவருக்கு இந்த ஊரில் அந்த இரண்டு மணி நேரம் எப்படிப்பட்டது என்பதை, காரிலேயே ஓடுகிற பிள்ளைகளுக்கு விளங்கவைக்க முடியாது. நடந்து போக இடமில்லை, ஏறிப் போகப் பஸ்ஸும் இல்லை. என் தோழி திருநெல்வேலிக்காரர், எழுபது தாண்டியவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். மகனும் மருமகளும் ஏழரை மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார்கள். "தபால்காரன் வார நேரம்தான் எனக்குத் தேர்த் திருவிழா. அவனும் காது ரெண்டுலயும் எதையோ மாட்டிக்கிட்டு வாரான்" என்பார். நோட்டின் வலது பக்கத்தில் அது இருக்கிறது.

முன்பு அக்காவையும் இன்னும் மூன்று பேரையும் என் காரில் நானே கூட்டிப் போவேன். இரண்டு வருடத்துக்கு முன் என் கண்ணின் நடுப்பகுதியில் ஒரு மசமசப்பு விழுந்தது. டாக்டர் கார் சாவியை வைத்துவிடச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நானும் வீட்டுக்குள். புதன்கிழமை அறை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. யாராவது லீவு போட்டுக் கூட்டிப்போனால் உண்டு.

அந்த வருடத்துச் சங்கத் தேர்தலில்தான் இப்போதைய தலைவர் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், எனர்ஜி கம்பெனியில் பெரிய வேலை, நல்ல பிள்ளை. வயதானவர்களுக்காகப் புதன்கிழமை தோறும் வேன் விடுவோம் என்று மேடையில் சொன்னார். நாங்கள் பதினொரு பேரும் அவருக்கே ஓட்டுப் போட்டோம். அப்புறம் தீபாவளியில் பார்த்தபோது கேட்டேன், "பண்ணிடலாம் ஆன்ட்டி" என்றார். பிக்னிக்கில் கேட்டேன், "பண்ணிடலாம் ஆன்ட்டி". மெசேஜ் அனுப்பினால் கும்பிடுகிற கை ஒன்று வரும். வேன் வருகிறதே என்று நினைத்து நாங்கள் வேறு எதற்கும் அலையவில்லை. மகன்களிடம் வாய் திறக்கவில்லை, வேறு வழி உண்டா என்று விசாரிக்கவும் இல்லை.

மறுபடி தேர்தல் வந்தது. பொங்கல் விழாவில் ஓட்டெடுப்புக்கு முன்னால் 'தலைவருடன் ஒரு சந்திப்பு' என்று மேடையில் பத்து நிமிடப் பேட்டி வைத்தார்கள். யார் கேட்பது என்று யோசித்தபோது எல்லாருக்கும் என் ஞாபகம்தான் வந்திருக்கிறது. சங்கத்தில் எனக்குப் பெயரே லண்டன் ஆன்ட்டி. செயலாளர் போன் செய்தார். சரி என்றேன். மறுநாள் கேள்விகள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன. இவ்வளவு வேலைக்கு நடுவே தமிழுக்கு எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள். உங்களுக்குப் பிடித்த பொங்கல் சர்க்கரைப் பொங்கலா வெண் பொங்கலா.

கணவர் அதைப் படித்துக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதையே கேட்டுப்போட்டு இறங்கிரு அம்மிணி" என்றார்.

"வேனைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லீங்களே."

"அதுக்கு மேடைதான் கெடைச்சுதா? தனியா கூப்பிட்டுக் கேக்கறது."

"ரெண்டு வருசமா தனியாத்தானுங்க கேட்டேன்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் சுபாவம் அப்படி. தோற்றால் இடத்தைக் காலி செய்துவிடுவார்.

பொங்கலன்று வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடச் சாப்பாட்டு ஹாலில் விழா. மேடையில் இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு சின்ன மேசை. தண்ணீர் பாட்டில்கூட வைத்திருந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்ததும் ஒரு பெண் பொன்னாடையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நம் வழக்கம் அதுதானே. யாரிடம் பேசுவதாக இருந்தாலும் முதலில் சால்வையைப் போர்த்திவிட வேண்டும். இத்தனை வருடம் எத்தனையோ தோளில் யோசிக்காமல் போர்த்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் புரிந்தது. போர்த்திவிட்டால் அப்புறம் கேட்க முடியாது. போர்த்திய கையாலேயே பிடித்து உலுக்குவது எப்படி? தலைவர் குனிந்து தோளைக் காட்டினார். நான் சால்வையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"முடிஞ்சப்பறம் போடறேன் தம்பி. உக்காருங்க."

கீழே ஒரு சலசலப்பு. அவர் சிரித்தபடி உட்கார்ந்தார்.

"போன தேர்தல்ல, வயசானவங்களுக்குப் புதன்கெழமை வேன் விடறதாச் சொன்னீங்க. வேன் வருமா, வராதா?"

"ரொம்ப நல்ல கேள்வி ஆன்ட்டி. சீனியர்ஸ்தான் நம்ம சங்கத்துக்கு பேக்போன். அவங்களுக்காக இந்த டெர்ம்ல யோகா டே பண்ணோம், ஹெல்த் கேம்ப் பண்ணோம், மூட்டுவலிக்கு ஒரு வெபினார் பண்ணோம்."

"சந்தோசம் தம்பி. வேன் வருமா, வராதா?"

"அது பைப்லைன்ல இருக்கு ஆன்ட்டி."

"கேஸா, ஆயிலா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். ஹாலில் பாதிப் பேர் எண்ணெய், எரிவாயுத் தொழிலில் இருப்பவர்கள். நன்றாகவே சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்தேன்.

"வேன் வருமா, வராதா?"

"ஆன்ட்டி, ஓப்பனா சொல்லணும்னா, கமிட்டில டிஸ்கஸ் பண்ணிட்டுதான் இருக்கோம். இது ஒரு ஆள் டிசைட் பண்ற விஷயம் இல்ல. எல்லாரையும் ஒரே பேஜுக்குக் கொண்டுவரணும்." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஆன்ட்டி அந்த லண்டன் ப்ரோக்ராம் பாத்துப் பாத்து என்னையும் மினிஸ்டர்னு நெனச்சுட்டாங்க போல."

கைதட்டல் வந்தது. என் கணவர் இரண்டாவது வரிசையில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் சுட்டது எனக்கு. பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் சர்க்கரைப் பொங்கல் கேள்விக்குப் போய்விடலாமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். அவரை அன்றைக்குக் கூட்டிவர மகன் ஒரு மீட்டிங்கை மாற்றி வைத்திருந்தான். அடுத்து எப்போது வருவார் என்பது யாருக்கும் தெரியாது.

"அந்த ப்ரோக்ராம்லயும் இப்படித்தான் தம்பி சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சதும் மறுபடி கேப்பாங்க. வேன் வருமா, வராதா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் மேடையோரம் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அப்புறம் என் மைக் செத்துவிட்டது. ஒயரா, யாருடைய கையாவதா என்று நான் விசாரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருடம் விசைத்தறிக் கூடத்தில் நூல் போட்டவள் நான். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டைக்கு மைக் ஒரு பொருட்டில்லை.

"ஆன்ட்டி, சாப்பாடு ரெடி, எல்லாரும் வெய்ட் பண்றாங்க" என்றார் தலைவர், தன்னுடைய மைக்கில்.

அக்கா எழுந்தார். "ஏளா, நீ விடாத. சாம்பார் ஆறுனா சூடு பண்ணிக்கிடலாம்."

"வேன் வருமா, வராதா?" என்றேன். ஐந்தாவது தடவை.

அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். இத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே தண்ணீர். ஆனால் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது. மூடியைத் திரும்பப் போடாமல் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். டிவியில் அது தெரியாது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தால் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. குரலைத் தாழ்த்தி, மகனிடம் கேட்பதுபோல ஆறாவது தடவை கேட்டேன்.

"வேன் வருமா தம்பி, வராதா?"

"வராது ஆன்ட்டி."

அவரே மேலே பேசினார். முதல் மாதமே ஒரு வக்கீலிடம் கேட்டிருக்கிறார்கள். ஏறும்போது இறங்கும்போது யாராவது விழுந்தால் சங்கத்தின் மேல் கேஸ் போடலாம், பொறுப்பில் இருக்கிறவர்கள் தலையில் வந்து விடியும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போடக் கமிட்டியில் ஒருவரும் வரவில்லை. "பெரியவங்ககிட்ட இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு தெரியல ஆன்ட்டி. அதான் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்."

பாருங்கள், மரியாதைக்காகவாம். எங்களை மதித்ததனால்தான் எங்களை இரண்டு வருடம் ஜன்னலோரம் உட்கார வைத்தாராம். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. பெரியவர்களிடம் இல்லை என்று சொல்லாதே என்று அவரை வளர்த்ததும் எங்களைப் போன்றவர்கள்தானே.

எழுந்து பொன்னாடையை விரித்து அவர் தோளில் போர்த்தினேன். "இப்பச் சொன்னீங்களே, அதுக்கு" என்றேன். அக்கா ஒருத்தர் மட்டும் கைதட்டினார். ஓட்டெடுப்பில் தலைவரே ஜெயித்தார். நானும் அவருக்குத்தான் போட்டேன். எதிரே நின்றவரும் "பண்ணிடலாம்" ஆள்தான், இவராவது ஒரு தடவை "வராது" என்று சொன்னவர்.

அன்று சாயங்காலமே சங்கத்தின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா, வயதுக்கு ஏற்ற பேச்சா, ஒரு வாலன்டியரை மேடையில் ஏற்றி அவமானப்படுத்துவதா. இரண்டு நாள் கழித்துச் செயலாளர் போன் செய்தார்.

"ஆன்ட்டி, குரூப்ல ஒரு சின்ன சாரி மட்டும் போட்டுடுங்க. மேட்டர் க்ளோஸ் ஆயிடும்."

"எதுக்குங்க சாரி? நான் கேட்டதுக்கா, அவர் சொன்னதுக்கா?"

"அப்படி இல்ல ஆன்ட்டி. எல்லாரும் ஹர்ட் ஆயிருக்காங்க."

"பதினோரு பேர் ரெண்டு வருசமா ஹர்ட் ஆயிருந்தமுங்களே. அதுக்கு யாரு குரூப்ல போட்டாங்க?"

சாரி போடவில்லை. இன்றுவரை போடவில்லை, போடவும் மாட்டேன். கேள்வி கேட்பதும் மரியாதைதான். பதில் சொல்லக்கூடிய ஆள் என்று நம்பினால்தானே ஒருவரிடம் கேட்கிறோம். குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மறுநாள் பார்த்தால் என் கணவரும் அதில் இல்லை.

"உங்களையும் எடுத்துட்டாங்களா?"

"நானே வந்துட்டேன். சும்மா டொய்ங் டொய்ங்குனு அடிச்சுட்டே கெடந்துது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கிறவளும் இல்லை நான்.

இனி வேன் வராது என்று தெரிந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அக்காவிடமிருந்து போன். "வராதுன்னு ஆனப்பொறவு மனசு லேசா இருக்குளா. வரும் வரும்னு ரோட்டப் பாக்கதுதான் பெரிய சீக்கு." அதே பேச்சோடு பேச்சாக, வேறு என்ன வழி என்று இருவரும் முதல் முறையாக யோசித்தோம். எங்கள் பகுதியில் வயதானவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, போகிற இடத்தில் இறக்கிவிடுகிற ஒரு பொது வண்டிச் சேவை இருந்தது. எப்போதிருந்தோ இருந்திருக்கிறது. படிவம் நிரப்பி விண்ணப்பித்தால் போதும். வேன் வந்துகொண்டிருப்பதாக நினைத்தவர்கள் அதை ஏன் தேடப் போகிறார்கள்?

கணவர் வாசிக்க, நான் சொல்ல, பதினொரு படிவமும் எங்கள் சாப்பாட்டு மேசையில் நிரம்பின. இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். எடுத்த பெண்மணி, விண்ணப்பங்கள் பரிசீலனையில் இருப்பதாக இங்கிலீஷில் சொன்னார். இந்த வார்த்தை எனக்குப் பழைய சிநேகிதம். எந்தக் கிழமைக்குள் முடியும் என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை என்றார். வெள்ளிக்கிழமையே பதில் வந்தது. பத்துப் பேருக்கு ஆகட்டும், ஒருவருக்கு இல்லை. அக்காவுக்குத்தான் இல்லை. சேவையின் எல்லைக் கோடு அவர் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் முடிந்துவிடுகிறதாம்.

அவர் அழவில்லை. "அந்தக் கோட்டப் போட்டவன் எங்க இருக்கான்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சேவையை நடத்தும் வாரியம் மாதத்துக்கு இரண்டு முறை கூடுகிறது. சாயங்காலம் ஆறரைக்கு, யார் வேண்டுமானாலும் போகலாம். பேர் எழுதிக் கொடுத்தால் மூன்று நிமிடம் பேசவும் விடுவார்கள். ஹூஸ்டனிலிருந்து வேலை முடிந்து வருகிற வழியிலேயே கணவர் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். அக்கா காஞ்சிபுரம் பட்டு கட்டியிருந்தார். தமிழில் பேசினார், நான் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொன்னேன்.

"ரெண்டு தெருதான, நடந்து போயிரலாம்லான்னு நெனைக்காதீங்க. இந்த ஊர்ல ரெண்டு தெருவுக்கு நடுவுல ஆறு லேன் ரோடு ஓடுது. கோட்ட நகத்துவீங்களா, மாட்டீங்களா?"

நடுவில் உட்கார்ந்திருந்தவர் மரியாதையாக நன்றி சொன்னார். பொதுமக்கள் பேசுகிற நேரத்தில் பதில் சொல்வது அவர்கள் வழக்கம் இல்லையாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் வந்து உட்கார்ந்தோம்.

அடுத்த கூட்டத்துக்கும் போனோம், அதற்கடுத்ததற்கும். மூன்றாவது தடவை நாங்கள் உள்ளே நுழைந்ததும், ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினர் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் விரல் அதன்மேல் எதையோ தேடியது. என் கண்ணுக்குத் தெரியவில்லை, அக்காதான் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது அவர் காரின் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, "அவனுவ கோட்ட நகத்தாட்டியும் போட்டும்ளா. மாசத்துல ரெண்டு நாளு பட்டுச்சேல கெட்டிக்கிட்டு வெளிய வாரேன்லா, அது போதும்" என்றார்.

"போதாதுக்கா" என்றேன். "உங்களுக்குப் புதன்கெழமை வேணும். மத்தவங்களுக்குக் கெடைக்கற மாதிரியே, வாசல்ல வண்டி வந்து நிக்கோணும்."

ஃப்ரீவேயை விட்டு இறங்கி அக்காவின் தெருவுக்குள் திரும்பும்போது அவர் கேட்டார்: "அடுத்த கூட்டம் என்னைக்கு?"

"பதினாலு நாள்ல. பேர் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்ப அந்த மஞ்சச் சேலைய அயர்ன் பண்ணணும்" என்றார்.